லேஞ்சிக்கு வெட்டிய வெள்ளைச் சேட்டு

என் கணவர் கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த பழக்கங்களில் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். டிஷ்யூ. முகம் கழுவினால் ஒன்று, தேநீர் குடித்தால் ஒன்று, தும்மினால் இரண்டு. முருங்கைக்காய்க் கறி வைத்த அன்று அவருடைய சாப்பாட்டுப் பீங்கானுக்குப் பக்கத்தில் டிஷ்யூக் குவியல் முருங்கைக்காய்ச் சக்கையைவிட உயரமாக நிற்கும். மேசையில் ஒரு பெட்டி, கட்டில் தலைமாட்டில் ஒரு பெட்டி, ஓட்டோவுக்குள் ஒரு பெட்டி. சமைக்கிற குசினிச் சுவரில் வேறு ஆணி அடித்துப் பெரிய காகிதச் சுருள் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். எனக்கு அதில் ஒரு தடவை கை துடைத்துவிட்டு எறிய மனம் வராது. ஜன்னல் கம்பியில் காயவைத்து இன்னொரு தடவை துடைப்பேன். அதைக் கண்டால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் மேசைக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சாப்பிட வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மேசையிலும் வெள்ளைத் துணி மடித்து வைப்பார்களாம். வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் அறையில் டிஷ்யூப் பெட்டி இருக்குமாம். "துணி பெரிய ஆக்களுக்கு, கடதாசி எங்களுக்கு" என்பார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் முக்கால்வாசி அந்த ஹோட்டலில்தான் போனது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் நிற்பார், போவார். பிள்ளைகள் இருவரும் பிறந்தபோது அவர் இல்லை. கொரோனாக் காலத்தில் ஹோட்டல் ஆட்களைக் குறைத்ததில் வேலை போய்த் திரும்பி வந்தார். கையிலிருந்த காசுக்கு ஒரு ஓட்டோ வாங்கி, செட்டிபாளையம் சந்தியில் நிறுத்தி ஓடத் தொடங்கினார்.

வேலை போனதற்காக அவர் கவலைப்பட்டார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் திருவிழாதான். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறது. இரவில் நாய் குரைத்தால் எழும்பிப் பார்க்க ஆள் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

பிறகு விலைவாசி ஏறிய காலம் வந்தது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, அச்சடிக்கக் காகிதமும் இல்லை என்றார்கள். ஓட்டோ பாதி நாள் வாசலில் நின்றது. ஊரில் கால் இருந்த ஆம்பிளைகளெல்லாம் பாஸ்போர்ட் எடுக்க ஓடினார்கள். என் கணவரும் சந்தியில் நின்று யாருடனோ போனில் மெல்லிய குரலில் பேசுகிறார் என்று காதில் விழுந்தது. இந்த மனிசனை இனி விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அதை வாய் திறந்து சொன்னேனா என்றால், இல்லை. "போகாதீங்க" என்று கெஞ்சுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக, இங்கே வருகிற வரும்படியிலேயே இந்த வீடு ஓடும் என்று காட்டிவிட நினைத்தேன்.

டிஷ்யூவில் தொடங்கினேன். நான் வீட்டில் மெஷின் வைத்துச் சட்டை தைக்கிறவள். வெட்டுத் துண்டுகளுக்குக் குறைவில்லை. கைக்குட்டையை நாங்கள் லேஞ்சி என்போம். பூப்போட்ட சீத்தைத் துண்டுகள் மூக்குத் துடைக்கிற லேஞ்சி ஆயின. அவர் உடுத்திக் கிழிந்த பழைய சாரன்கள் குசினிக்கும் மேசை துடைக்கவும். வாய் துடைக்க, நன்றாகத் தோய்த்த பழைய வேட்டியில் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்தேன். சுவரில் இருந்த காகிதச் சுருள் முடிந்ததும் அந்த ஆணியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டேன். சுத்தமானது அதற்குள், அழுக்கானது கீழே வாளிக்குள். புதிய பெட்டி வாங்கவில்லை. அவர் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

பக்கத்து வளவில் இருக்கும் என் தங்கச்சிதான் சும்மா விடவில்லை.

"என்னக்கா, அத்தானுக்கு நெப்கின் எல்லாம் தைக்கிறாய்? மெனு காட் எப்ப அடிக்கப் போற?"

"நீ வா, உனக்கும் ஒரு மேசை போட்டுத்தாறன்" என்றேன்.

அடுத்து நடந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. ஒருநாள் பின் வளவு முழுக்க நெல் காயப்போட்டிருந்ததால் துணிக்கொடி கட்ட இடமில்லை. தோய்த்த வேட்டி லேஞ்சிகளை முன்வேலி நீளத்துக்கு ஒரு கயிறு இழுத்து வரிசையாகக் கட்டிவிட்டேன். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் வெள்ளை. கடல் காற்றுக்கு அழகாகப் படபடத்தன. நான் பாட்டுக்கு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வேலி நீளம் வெள்ளைக் கொடி கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அந்த நேரத்தில் அது புத்தியில் வரவேயில்லை. முதலில் ஒரு சைக்கிள் நின்றது. பிறகு இரண்டு பேர் வந்து வேலிக்கு வெளியே கைகட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, ஓட்டோவுக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். களுதாவளைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து என் பெரியம்மா குதித்து இறங்கி, "ஐயோ என்ட மகளே, என்ன விட்டிட்டுப் போயிட்டியேகா" என்று தலையில் அடித்துக்கொண்டு வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வாசலில் வந்து நின்று, "என்ன பெரியம்மா?" என்றேன். அழுகை பாதியில் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஆரு செத்தது?"

"ஒருத்தரும் சாகல்ல. அது வாய் துடைக்கிற லேஞ்சி."

"இவ்வளவு நேரம் கத்தினதுக்கு ஒரு தேத்தண்ணியாவது ஊத்து" என்று உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் யாரோ சந்திக்குப் போய், "உங்கட வீட்டில வெள்ளை கட்டியிரிக்கி" என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டோ வந்த வேகத்தில் படலை ஒரு பக்கம் சாய்ந்தது. இறங்கியவர் என்னைக் கண்டார். என் கையைப் பிடித்தார், பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். உதடு காய்ந்து வெள்ளையாகப் போயிருந்தது. ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் கடைசியில் சிரித்தார். ஆனால் என் கையை விடவில்லை. பெரியம்மா கண் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனிசன் என்னை விட்டுப் போகமாட்டார் என்று அன்றைக்கு முழுதாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் கத்திரிக்கோல் கொஞ்சம் துணிந்துவிட்டது. மழை தொடங்கி, பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகத் தடிமன் பிடித்தது. எத்தனை லேஞ்சி இருந்தும் காயவில்லை. வெள்ளைத் துணி தேடி, கட்டிலுக்குக் கீழே கிடந்த அவருடைய பயணப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பொலித்தீன் உறைக்குள் அவர் ஹோட்டல் வேலைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டு ஒன்று இருந்தது. தடித்த பருத்தி, நிமிர்ந்த கொலர், தண்ணீரை உடனே உறிஞ்சக்கூடிய துணி. வந்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதே இல்லை. இனி இது எதற்கு என்று நினைத்தபோது எனக்கு ஒரு ஆனந்தமே வந்தது. நெஞ்சுப் பையில் பச்சை நூலால் தைத்திருந்த ஹோட்டல் பெயரைப் பிரித்தெடுத்தேன். முதுகை நான்காக வெட்டினேன். கைகளைப் பிரித்து விரித்து வெட்டினேன். வெட்ட வெட்டப் பாட்டு வந்தது.

மதியம் அவர் வழமையை விட நேரத்தோடு வந்தார். கிணற்றடியில் குளித்தார், முகம் வழித்தார், எண்ணெய் வைத்துச் சீப்பால் தலை இழுத்தார். எங்கேயோ கலியாண வீட்டுக் கூலி ஓட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அறைக்குள் பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"புள்ள, இதுக்குள்ள இரிந்த வெள்ளச் சேட்டு எங்க?"

மெஷினில் அடுக்கியிருந்த துண்டுகளைப் பெருமையோடு தூக்கிக் காட்டினேன். அவர் வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். பை இருந்த துண்டு அது. பிரித்த நூலின் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. விரலால் அதைத் தடவினார்.

"ரெண்டு மணிக்கு ஏஜென்சியால போன் எடுப்பாங்க. வீடியோல ஆளப் பாக்கணுமாம். வெள்ளச் சேட்டுப் போட்டு நிக்கச் சொன்னாங்க."

"எதுக்கு?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை.

"மறுகா எதுக்கு? போறதுக்குத்தான்."

எனக்கு வாய் கொஞ்சம் பொல்லாதது. அன்றைக்கு அது கட்டவிழ்ந்துவிட்டது. கள்ளன் மாதிரிப் பெட்டி கட்டுகிறீர்களா, பிள்ளைகளுக்கு அப்பாவைப் படத்தில்தான் காட்ட வேண்டுமா, நான் என்ன ஹோட்டல் முதலாளிக்காக உங்களை இங்கே காவல் காக்கிற ஆளா என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"உன்னப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி இரிக்கிற?" என்றார். "ஒரு டிஷ்யூப் பெட்டி வாங்க வழியில்லாம என்ட பொஞ்சாதி பழந்துணி வெட்டுறா. மூக்குத் துடைச்ச துணியக் கழுவிக் காயப்போடுறா. ஒவ்வொரு நாளும் அந்தக் கொடியப் பாக்கக்குள்ள, உங்கட உழைப்பு இந்த வீட்டுக்குக் காணாது எண்டு நீ எனக்குச் சொல்ற மாதிரி இரிக்கி."

எத்தனை வாளி தோய்த்தேன், எத்தனை ஓரம் அடித்தேன்! அத்தனையும் இந்த ஆளை நானே தள்ளித் தள்ளி விமானத்தில் ஏற்றிய வேலையா?

"நீங்க போகாம இரிக்கத்தான் வெட்டினன்" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. "இரிக்கிறது நமக்குக் காணும் எண்டு காட்டத்தான். எனக்கு டிஷ்யூவும் வேணா, கட்டார்க் காசும் வேணா. நீங்க வேணும்."

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. அவர் கையில் இருந்த துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"இது உன்ட வீடு புள்ள. உன்ட அம்மா உனக்குத் தந்த வீடு. நான் வந்து போன ஆள். வாறவன் கையில என்னத்தையாவது கொண்டு வரணும். வெறுங்கையோட எத்தின நாளைக்கு இரிக்கிற?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் ஆண் உடுப்போடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். அது எனக்குக் காற்று மாதிரி, யோசிக்க வேண்டிய விஷயமாகவே தெரிந்ததில்லை. அன்றைக்குத்தான் யோசித்தேன். அவர் லீவில் வருகிற மாதங்களில் புதுப் பீங்கான் எடுப்போம். பெரிய மீன் துண்டு அவருக்கு. பிள்ளைகள் சத்தம் போட்டால், "அப்பா நிக்கிறார்" என்று அடக்குவோம். நான் எதை வைத்தாலும் "நல்லாரிக்கி" என்று தின்றுவிட்டு எழும்புவார். ஒரேயடியாக வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியும் அப்படியேதான் எழும்பிக்கொண்டிருந்தார். அவரை நல்ல விருந்தாளியாகவே வைத்திருந்தேன். டிஷ்யூவை நிறுத்தும்போதுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன் அடித்தது. அவர் சாரனும் பெனியனுமாக நின்றார்.

இந்தத் தடவை நான் முடிவெடுக்கக் கூடாது என்று பட்டது. "தங்கச்சிட மாப்பிள்ளைக்கு வெள்ளச் சேட்டு ஒண்டு இரிக்கி" என்றேன். "உங்களுக்குப் போகணும் எண்டிரிந்தா, ஓடிப் போய் வாங்கிட்டு வாறன்."

என்னைப் பார்த்தார். "வேணா" என்றார். போனை எடுத்துக்கொண்டு பெனியனோடேயே கிணற்றடிக்குப் போனார். காற்றில் "சார், சார்" என்பது மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டது. நான் குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தேன், மூடினேன். வேறு செய்ய ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தார்.

"ஏலாது எண்டு சொல்லிட்டன்" என்றார். "வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டன். சோத்தப் போடு."

வாவி இறாலில் சொதி வைத்திருந்தேன். அதைக் கேட்ட வேகத்தில் சோற்றுக்கு மேல் நிறைய ஊற்றிவிட்டேன். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார். முகத்தைச் சுழித்தார்.

"என்ன புள்ள இது? புளிச்சுத் தள்ளுது. மனிசன் தின்னுவானா இத?"

தேசிக்காய்ப் புளி கூடித்தான் போயிருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் சமையலில் அவர் கண்ட முதல் குற்றம் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்ப நாளைக்கு நீங்களே வைங்க" என்று சொல்லி, எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு நானும் சாப்பிட உட்கார்ந்தேன்.