மீசையில் உறைந்த மூச்சு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேர்வில் போனது ஒரேயொரு புள்ளிதான்.

என் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனதே ஓர் உடன்பாட்டில்தான். ஆண்டுத் தேர்வில் பரிசு கிடைத்தால் தொடருவாள். இல்லையென்றால் தோழிகளோடு நீச்சலுக்குப் போய்விடுவாள். பிரெஞ்சில் கனவு காணும் பிள்ளை, எனக்காக உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று எல்லா அணிகளையும் பாடமாக்கினாள்.

தேர்வில் ஒரு கவிதை வரி கொடுத்து, அதிலுள்ள அணியைக் கேட்டிருந்தார்கள்: "விட்ட மூச்சும் மீசையில் உறைந்தது." உள்ளதை உள்ளபடி சொல்லும் இயல்பு நவிற்சி என்று அவள் எழுதினாள். அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, "உயர்வு நவிற்சி" என்று திருத்தியிருந்தார்கள். மிகைப்படுத்திச் சொன்னதாம்! நாங்கள் குடியிருக்கும் ரொக்ஸ்பரோவில் மாரிகாலம் முழுக்க நான் காரில் பனி வழித்துவிட்டு வீட்டுக்குள் வர, என் மீசையில் தொங்கும் பனிக்கட்டியைப் பிடுங்கி விளையாடி வளர்ந்தவள் அவள். அவளுக்கு இதில் மிகை எங்கே இருக்கிறது?

பரிசளிப்பு விழா செயின்ட்-மிஷேலில், ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அந்த ஒரு புள்ளியால் அவளுக்குப் பரிசில்லை. தேர்வுக்குப் பொறுப்பான மாஸ்டர் வெளியே நின்று கார்களுக்கு இடம் காட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். மறித்தேன்.

"மாஸ்டர், பிள்ளை எழுதினது சரிதானே?"

"விளங்குது தம்பி. ஆனா மாதிரி விடை ஊரிலயிருந்து வந்தது. நாங்கள் மாத்தேலாது."

"ஊரில மூச்சு உறையாது மாஸ்டர். இங்க உறையும்."

"அதுக்கு? அணி இலக்கணம் ஊருக்கு ஊர் மாறுமோ?"

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர், உங்கட மீசை" என்றாள்.

அவருடைய நரைத்த மீசையில் பனி வெள்ளை வெளேரென்று கட்டியிருந்தது. மனிதர் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து அதை வடிவாகத் துடைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். "அடுத்த வருசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போனார். என்ன சொல்லியிருப்பேனோ, தேவாலயம் என்பதால் வாயை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவளை நீச்சலுக்குக் கூட்டிப்போனேன். முடிந்து காருக்கு ஓடி வருவதற்குள், தொப்பிக்கு வெளியே கிடந்த ஈரத் தலைமயிர் விறைத்துக் கம்பியாகிவிட்டது. அதை விரலால் தட்டிக் காட்டினாள்.

"அப்பா, இதைத் தமிழில எழுதினாலும் பொய்யெண்டுதான் சொல்லுவினம், என்ன?"