ஐந்தாம் வால்வும் மாடில்லாத தெருவும்

மேட்டுத் தெருவில் வீட்டுக் குழாய்களைப் பொருத்தி முடித்த அன்று அவற்றிலிருந்து காற்றுதான் வந்தது. முதலில் ஒரு சீறல், பிறகு ஓர் இருமல், அப்புறம் ஒன்றுமில்லை. ஆவணி மாதம், புதன்கிழமை, காலை ஆறு இருபது. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

நான் ஊராட்சியில் தொட்டி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சேரன்மகாதேவிக்கும் நெல்லைக்கும் நடுவே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய் எங்கள் ஊர் வழியாகத்தான் வெளியூர்களுக்குப் போகிறது. எங்கள் பங்காக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறும். அதை ஐந்து தெருக்களுக்குப் பிரித்துவிடுவது என் வேலை. ஊராட்சி கொடுத்த கருவி ஒன்றுதான், வால்வைத் திருகும் இரும்பு டி சாவி. நானாக வைத்துக்கொண்டது ஒரு நோட்டு. எந்த வால்வை எப்போது திறந்தேன், எப்போது அடைத்தேன், யார் வந்து ஏசினார்கள் என்று அன்றன்றே எழுதிவிடுவேன். கிளை நூலகத்தில் பழைய நாட்குறிப்புகளை வாசித்துப் பிடித்துக்கொண்ட பழக்கம். அதை யாரும் கேட்டதுமில்லை, பார்த்ததுமில்லை, அந்த ஒரு நாள் வரை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அந்த ஒரு விவகாரத்தை மட்டும் எழுதுகிறேன்.

1. ஆய்வு வந்த வியாழன்

மேட்டுத் தெருவுக்கு ஐந்தாம் வால்வு. பெயருக்கேற்ற தெரு. தொட்டியின் உயரம் அதற்குப் போதாது. ஐந்து வால்வையும் திறந்தால் தண்ணீர் பள்ளத்துத் தெருக்களைத் தேடி ஓடிவிடும். இது குழாய் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும், ஊராட்சிச் செயலருக்கும் தெரியும், குழிதோண்ட வந்த ஆட்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் குழாய் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுவரில் நீலப் பெயிண்டில் ஒரு நம்பர்.

அந்தத் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்துவந்தது தெருமுனையில் இருந்த சின்டெக்ஸ் தொட்டி. ஓர் ஆழ்குழாய், ஒரு மோட்டார், நான்கு குழாய். வீட்டுக் குழாய் வந்த பிறகும் பெண்கள் குடத்தோடு அங்கேதான் நின்றார்கள்.

கார்த்திகையில் ஆய்வு என்று தகவல் வந்தது. செயலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை மேட்டுத் தெருவுல தண்ணி விழணும்."

"எப்படி விழும்? உமக்குத் தெரியாதா?"

"ஒருநாள் மட்டும் விழட்டும்வே. விழலைன்னா இந்தத் தெரு திட்டத்துக்கு ஆகாதுன்னு எழுதிட்டுப் போயிருவாவ. குழாய் ஓடுதுன்னு காமிச்சுட்டோம்னா, பொறவு பிரஷர் பத்தலைன்னு தனி லைன் கேட்டுக்கிடலாம்."

எனக்கு அது சரியாகப் பட்டது. வேலை தெரிந்தவன் செய்யும் தவறு இது. மற்றவனுக்கு அப்படியொரு வழி இருப்பதே தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் வந்த நீரை யாருக்கும் விடாமல் தேக்கித் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மற்ற நான்கு வால்வையும் இறுக்கி அடைத்தால், ஐந்தாம் வால்வில் கொஞ்ச நேரம் நீர் மேடேறும். நான்கு தெருக்காரர்களிடம் மோட்டார் பழுது என்று சொன்னேன்.

வியாழன் காலை யூனியன் ஆபீஸ் ஓவர்சீயர் இன்னும் இருவரோடு வந்தார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. தெருவே வெளியே வந்துவிட்டது. பேச்சியம்மாள் வீட்டுக் குழாயடியில் போட்டோ எடுத்தார்கள். பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவள். புருஷன் இல்லை, நடக்க முடியாத மாமியார் வீட்டுக்குள். தினமும் அவள்தான் எட்டுக் குடம் சுமக்க வேண்டும். அன்று நிறைந்த குடத்தோடு வாய்நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் ஜீப் ஏறிப் பத்து நிமிடத்தில் நீர் நின்றது.

மறுநாள் காலை அவள் என்னை வழிமறித்துக் கேட்டாள். "அண்ணாச்சி, நேத்து வந்துச்சுல்லா, இன்னிக்கு ஏன் வரலை?"

"நேத்து பிரஷர் இருந்துச்சு, தாயி."

"பிரஷர் அவியகூட ஜீப்புல ஏறிப் போயிருச்சாக்கும்."

அதையும் நோட்டில் எழுதினேன்.

2. மனு சுற்றி வந்த வழி

தை மாதம் ஊர் எல்லையில் பலகை நட்டார்கள். எல்லா வீட்டுக்கும் குழாய்நீர் பெற்ற ஊராட்சி. எழுத்து பெரிதாகவும் நேராகவும் இருந்தது. தனி லைன் என்ன ஆயிற்று என்று செயலரிடம் கேட்டேன். "தண்ணி வருதுன்னு போட்டாச்சுல்லா, வருத தெருவுக்கு எதுக்கு இன்னொரு லைன்னு கேக்காவ" என்றார். அவரே எரிச்சலாகத்தான் சொன்னார்.

பங்குனியில் அடுத்த தாள் வந்தது. வீட்டுக் குழாய் முழுமையடைந்த தெருக்களில் பொதுக் குழாய்களையும் சின்டெக்ஸ் தொட்டிகளையும் எடுத்துவிட்டு மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பட்டியலில் மேட்டுத் தெரு இருந்தது. சித்திரை வெயில் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது, அந்தத் தெருவுக்கு இருந்த ஒரே தண்ணீரை எடுத்துப் போக ஏற்பாடு.

பேச்சியம்மாள் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளுக்கு பஸ் ஏறிப் போனாள். அன்றைய பீடி வேலை போயிற்று. அந்த மனு மேலே போய், அங்கிருந்து இறங்கி, யூனியன் ஆபீஸுக்கு வந்து, கடைசியில் எங்கள் செயலர் மேசைக்கே வந்து சேர்ந்தது. யார் மேல் புகாரோ அவரே பதில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஆய்வில் குழாய் ஓடுவது உறுதி செய்யப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதினார்.

அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்கு, அண்ணாச்சி?"

வாசித்துச் சொன்னேன்.

"அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னும் வெளங்கலை. உங்களுக்கு வெளங்குதா?"

எனக்கு விளங்கும். தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

3. மோட்டாரைக் கழற்ற வந்தவர்கள்

பங்குனி கடைசிச் செவ்வாய், காலை ஒன்பது ஐந்து. ஓவர்சீயர் மோட்டாரைக் கழற்ற இரண்டு ஆட்களோடு வந்தார். செயலரும் இருந்தார். பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்தபடி சின்டெக்ஸ் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லை. கை பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்கம்மா. வீட்டுலதான் குழாய் இருக்குல்லா" என்றார் ஓவர்சீயர்.

"குழாய் இருக்கு சார். நாங்க தண்ணியக் கேக்கோம்" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் போனில் ஆய்வன்று எடுத்த போட்டோவைக் காட்டி நீட்டினார். "இது யாரு?"

அவள் எட்டிப் பார்த்தாள். "நான்தான். சிரிச்சுக்கிட்டுல்லா நிக்கேன்." பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "ஏளா, நானே எனக்கு எதிர்சாட்சி" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் முகமும் சிரிப்பில் இல்லை.

நான் போய் ஐந்து வால்வையும் வழக்கம்போலத் திறந்துவிட்டு வந்தேன். ஓவர்சீயரைக் கையோடு பேச்சியம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திருகினேன். சீறல், இருமல், அவ்வளவுதான்.

"என்னவே, எங்கயும் அடைப்பா?"

"அடைப்பு இல்லை சார். என்னிக்கும் இப்படித்தான்."

"அப்போ அன்னிக்கு?"

நோட்டை விரித்து அந்த வாரத்துப் பக்கத்தை உரக்க வாசித்தேன். செவ்வாய், புதன் நீர் விடவில்லை, மோட்டார் பழுது என்று பொய் சொல்லப்பட்டது. வியாழன் ஒன்பது நாற்பது, முதல் நான்கு வால்வும் அடைப்பு, ஐந்து மட்டும் திறப்பு. பத்தேகால், ஆய்வு. பத்தரை, ஜீப் கிளம்பியது. பத்து நாற்பது, நீர் நின்றது.

தெரு முழுக்கக் கேட்டது. செயலர் தரையைப் பார்த்தார்.

"எழுதி வேற வச்சிருக்கீரா?" என்றார் ஓவர்சீயர்.

"கையெழுத்தும் இருக்கு சார்."

பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதானா?" என்றாள். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்தேன்.

ஓவர்சீயர் கெட்டவர் இல்லை. வேப்பமரத்தடிக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தவர் முகத்தில் என்னைவிடச் சலிப்பு. "மேல கேட்டுட்டேன். போர்ட்டல்ல ஒருவாட்டி தண்ணி வருதுன்னு ஏத்தியாச்சுன்னா வரலைன்னு மாத்த வழி கிடையாதாம்."

"வரலையே சார்."

"வரலைதான்வே. நானும் கண்ணால பாத்துட்டேன். அதை எங்க போய்ப் போடச் சொல்லுதீரு?"

பிறகு செயலர் பைய வாயைத் திறந்தார். "சார், கால்நடைத் தொட்டின்னு கணக்குல ஒரு தலைப்பு இருக்கு. மாட்டுக்குத் தண்ணி விட மோட்டார் வச்சுக்கிடலாம். அதை எடுக்கச் சொல்லி உத்தரவு இல்லை."

மேட்டுத் தெருவில் ஒரு மாடுகூடக் கிடையாது. ஓவர்சீயர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "மாடு இருக்குன்னு யாரு எழுதிக் கொடுப்பா?"

"நாங்க கொடுக்கோம்" என்றாள் பேச்சியம்மாள்.

4. மெமோ

ஒரு வாரத்தில் சின்டெக்ஸ் தொட்டிக்குக் கீழே சிமெண்டில் ஒரு நீளத் தொட்டி கட்டி, கால்நடைக் குடிநீர் என்று எழுதி, நம்பரும் போட்டார்கள். மோட்டார் தப்பித்தது. பலகையும் அப்படியே நிற்கிறது. எல்லா வீட்டுக்கும் குழாய்நீர், இல்லாத மாட்டுக்கும் குடிநீர்.

எனக்கு மெமோ வந்தது. மேட்டுத் தெருவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. குறிப்பிட்ட மூன்று நாட்கள் நான்கு தெருக்களுக்கு ஏன் நீர் விடவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி, நோட்டுப் பக்கத்தின் நகலையும் வைத்துக் கொடுத்தேன். ஓய்வு பெற்று வந்துவிட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

பலகையைப் பார்த்துப் பொய் என்று எரிச்சல்படும் உரிமை மேட்டுத் தெருவுக்கு முழுதாக இருக்கிறது. எனக்குப் பாதிதான். அந்தப் பலகையின் ஒரு கால் என் டி சாவியில் நிற்கிறது. புதிதாக அந்தச் சாவியை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆய்வுக்கு யார் வந்தாலும், நல்ல காரணம் எவ்வளவு சொன்னாலும், நேற்றுத் திறந்தமாதிரியே இன்றும் திற. வராத குழாய் வராததாகவே இருக்கட்டும். அன்றே நோட்டில் எழுதிவை.

இப்போதும் காலையில் அந்தப் பக்கம்தான் நடக்கப் போவேன். சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் குடங்கள் வரிசையாக இருக்கும். பேச்சியம்மாள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழு மணிக்கு, நான் தொட்டியருகே நின்றபோது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்.

"தள்ளுங்க, அண்ணாச்சி. மாடு போவட்டும்."