வள்ளி அக்காவின் கையில் கண்ட அம்மை

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்கே கேட்கும்படி பேசுகிறவர் துணிக்கடை வள்ளிநாயகி அக்கா. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாததைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். சோதனைக்குழாய் முறையில் மூன்று தடவை வைத்த கருவும் நிற்கவில்லை. இது அவருக்கும் கணவர் ஏரம்பமூர்த்தி அண்ணனுக்கும்தான் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லியது என்பதால் எனக்கும்.

நான்காம் தடவைக்கு டாக்டர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். அண்ணனின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து அக்காவின் முன்கையில் ஊசி போட்டார்கள். கணவனை உடம்புக்கு அறிமுகப்படுத்திவிட்டால், கருவை அது அந்நியன் என்று விரட்டாதாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் உடம்புக்கு ஆள் தெரியவில்லையா? அறிவியல் வகுப்பில் நான் தூங்கிய அன்றுதான் இதை நடத்தியிருக்க வேண்டும்.

ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்தது. மாமியார் கமலாம்பிகை பார்த்துவிட்டார்.

"அம்மை போட்டிருக்குடி!"

வாசலில் வேப்பிலை ஏறியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அக்கா படியிறங்கக் கூடாது என்றார். மறுநாள் காலையிலோ கரு வைக்கும் நேரம். தவறினால் அந்தத் தடவையே வீண்.

காலையில் டாக்சி ஹார்ன் அடித்தது. நான் எங்கள் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் நின்றேன். காலில் கயிறே இல்லாத சிலிப்பர்.

"கடையிலே ஸ்டாக் எடுக்கிறாங்கம்மா, இவ போயே ஆகணும்லா" என்று அண்ணன் உளறினார்.

"அம்மை போட்டவளுக்கு என்னடா ஸ்டாக்கு?"

அக்கா கையை நீட்டினார். "மாமி, இது மாரியம்மா இல்ல. உங்க மகன்."

"என்னடி சொல்றே?"

"அவரு ரத்தத்தை எடுத்து எனக்கு ஊசி போட்டிருக்காங்க. மூணு தடவை வெச்சாங்க, நிக்கல. இன்னிக்கு மறுபடியும் வெக்கறாங்க."

மாமி அந்தத் தடிப்புகளையே பார்த்தார். "ஊசி வேலை செய்யுமா?"

"நிச்சயமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"பின்னே எதுக்குக் குத்திக்கிட்டே?"

"அதையும் செஞ்சிருக்கலாமேன்னு பின்னாடி தோணக்கூடாதுல்ல."

"மூணு தடவையும் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டியா?"

மாமி செருப்பை மாட்டிக்கொண்டார். "டேய், டாக்சிக்காரனை மெதுவா ஓட்டச் சொல்லு. நானும் வரேன்."

அந்தத் தடவையும் நிற்கவில்லை. டாக்டர் இன்னொரு மருந்தைப் பற்றி ஆரம்பித்தாராம்.

"அதுவாவது நிச்சயமா டாக்டர்?" என்று கேட்டது மாமி.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தாராம்.

"அப்ப கொஞ்ச நாள் என் மருமவளைச் சும்மா விடுங்க" என்று எழுந்துவிட்டாராம்.

அண்ணன் இதைச் சொல்லும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. மாமி வைத்த குழம்பில் உப்பே இல்லையாம்.