பூஜ்யம் என்றால் கருவி தூங்குகிறது

பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் புலத்தில் நீரியல் நடத்தியவள் அனார்குல். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். அழுது என்ன ஆகப்போகிறது என்று அவள் ஆராய்ச்சியில் இறங்கினாள். பிறந்த ஊருக்கு மேலே மலையில், பனி உருகித் தேங்கும் ஏரி ஒன்று உண்டு. அதன் அடியிலிருந்து வரும் ஓடையில் அவள் பொருத்திய கருவி, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கை அவளுடைய துறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

துறையில் ஒரு பழக்கம். கருவி பழுதானால் அந்த இடத்தில் பூஜ்யம் போடுவார்கள். கட்டுரை எழுதும்போது பூஜ்யங்களை நீக்கிவிட்டு, மிச்ச நாட்களின் சராசரியைப் போடுவார்கள். "பூஜ்யம்னா தண்ணி இல்லன்னு இல்ல, கருவி தூங்குதுன்னு அர்த்தம்" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

அந்த ஜூலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மற்ற ஆறுகளெல்லாம் கரைபுரண்டன. அவளுடைய ஓடை மட்டும் சில நாட்களாகப் பூஜ்யம் காட்டியது.

துறைத்தலைவர் உர்மாத் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னும் கட்டுரையைக் கட்டிப்பிடிச்சிட்டு உக்காந்திருக்கே?"

"ஓடைக் கருவி தூங்குது சார்."

"பூஜ்யத்தை வெட்டிட்டு அனுப்பு. நம்ம டீனை விட அது கொஞ்சமாத்தான் தூங்குது."

சிரித்துக்கொண்டே வெட்டினாள். கட்டுரை பத்திரிகைக்கும், அதன் சுருக்கம் மாவட்ட அவசர அலுவலகத்துக்கும் போயிற்று. பிறகுதான் ஊரில் இருந்த தம்பி மனைவி ஜிபாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கருவிக்கு பேட்டரி மாத்தணும், ஆள் இருக்கா?"

"பச்சை விளக்கு எரியுதே அக்கா! ஓடைதான் நின்னுபோச்சு. நல்லதாப் போச்சு, ஆடெல்லாம் கால் நனையாம தாண்டுது."

ஊசி வழியே நீர் ஏறும் நோயாளிக்குச் சிறுநீர் நின்றுபோனால் செவிலி டாக்டரைத் தேடி ஓடுவாள். அனார்குலும் அப்படித்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள். மேலே பனி உருகிக்கொண்டே இருக்கிறது. ஏரியின் அடியில் வழி அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் எந்த நேரமும் கரையை உடைத்துக்கொண்டு ஊர்மேல் இறங்கலாம்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு மேட்டுக்கு ஏறுடி. இப்பவே!"

"ரொட்டி தந்தூர்ல இருக்கு அக்கா. தண்ணி வந்தாலும் பயம், வராட்டியும் பயமா உங்களுக்கு?"

"ரொட்டி கருகட்டும். ஏறு!"

அடுத்து அவசர அலுவலகத்தைப் பிடித்தாள். அங்கே ஒருவன் நிதானமாகப் பேசினான். "இன்னிக்குக் காலையில உங்க துறையே அனுப்பியிருக்கே மேடம்? அந்த ஓடை வழக்கமான அளவுல ஓடுதுன்னு போட்டிருக்கு. கீழ உங்க பேரும் இருக்கு."

"அது தப்பு. நான்தான் தப்பா அனுப்பினேன். ஊரைக் காலி பண்ணச் சொல்லுங்க!"

"எழுத்துல குடுங்க. மேல கேட்டுச் சொல்றேன்."

மறுபடி ஜிபாரைக் கூப்பிட்டாள். மூச்சிரைப்பு கேட்டது, பிள்ளைகளின் குரலும் கேட்டது.

"மேட்டுல இருக்கோம் அக்கா. ஓடை திரும்பி வந்துடுச்சு. ஒரே சேறா வருது."

"என் தம்பி எங்கே?"

"நீங்க சொன்னீங்கன்னு வீடு வீடாச் சொல்லப் போயிருக்காரு."

"எங்கேடி?"

"கீழ."

அதற்குமேல் ஜிபார் பேசியது எதுவும் காதில் விழவில்லை. பாறைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.