மாமாவுக்காக ஆடிய அற்றோணி

வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை நான். அப்படிப்பட்ட என்னை ஊர் பார்க்கக் காவடி ஆடவைத்தது ஓர் இங்கிலீஷ் சொல்.

ஜெர்மனிக்குப் போன சின்ன மாமா, உடுவிலில் இருந்த தன் காணியைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகச் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பியிருந்தார். கூடவே அவர் பேசிப் பதிந்த ஒரு கசெற்றும் வந்தது. நல்லபடி போய்ச் சேர்ந்தால் திருவிழாவில் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தாராம். இப்போது திரும்பி வர வழியில்லை, என்ன செய்யலாம் என்று அதில் கேட்டிருந்தார்.

“காணிக்கு ஆள் வைக்கலாம். முருகனுக்கு வைக்கலாமோ?” என்றார் அம்மா.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் வேலை பார்த்த அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அற்றோணி என்பது இங்கிலீஷ்காரர் பழைய பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல்லாம். நம்மால் முடியாத அலுவலை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுவதுதான் அதன் வேராம். நொத்தாரிசு சொன்னாராம்.

“பிரெஞ்சுக்காரனுக்குச் சரியெண்டால் முருகனுக்கும் சரிதான்” என்றார் அப்பா.

“அப்ப நீங்களே ஆடுங்கோவன்.”

அப்பா உடனே முழங்காலைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன்.

“விசரா, ஆடப்போறது நீயில்லை, மாமா. நீ வெறும் அற்றோணி.”

அழுகை நின்றுவிட்டது. நான் இல்லையென்றால் எனக்கென்ன வெட்கம்?

திருவிழாவன்று தவில் முழங்கியதும், மாமா ஆடுவதைப் போலவே ஒரு காலை உதறி உதறி ஆடினேன். ஐஸ்கிறீம் விற்கும் வான் வண்டியடியில் என் வகுப்புப் பெடியள் நின்றார்கள்.

“டேய், உவனே ஆடுறான்? வாயே திறக்கமாட்டான்!”

“நானில்லையடா, மாமா!” என்று கத்திக்கொண்டு இன்னும் வேகமாய்ச் சுழன்றேன். காவடியின் மயிலிறகு நாதஸ்வரக்காரரின் மூக்கில் பட, அவர் பாட்டின் நடுவே தும்மினார். வீதியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்பா எல்லாவற்றையும் கசெற்றில் சொல்லி அனுப்பினார். மாமாவின் பதில் வந்தபோது கசெற் றேடியோவைச் சுற்றி இருந்து கேட்டோம். முதலில் பெரிய சிரிப்பு. பிறகு குரல்.

“மருமோன், நான் நல்லா ஆடினனானே? மணல் எனக்குக் காலைச் சுட்டதோ?”

அதன்பின் நாடா சுற்றும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. பற்றரி இறங்கிவிட்டதென்று நினைத்து றேடியோவைத் தட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மற்றக் கையால் தட்டினேன்.