சோலார் பலகைக்குப் பூசை

பணம் கொடுக்கிறவருக்கு ஆயிரம் சட்டம், வாங்குகிறவருக்கு ஆயிரம் சாங்கியம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. வளரும் நாடுகள் நிலக்கரியையும் டீசலையும் விட்டுவிட்டு வெயிலுக்கு மாற வேண்டும் என்று குளிர்தேசத்து உதவி நிறுவனம் ஒன்று பணம் அனுப்புகிறது. அதை வைத்து இங்கே முதியோர் இல்லம், பாலர் பள்ளி என்று கூரைகளில் சோலார் பலகை போடுகிறோம். அவர்கள் சொல்வதை இவர்களுக்குத் தமிழிலும், இவர்கள் செய்வதை அவர்களுக்கு ஆங்கிலத்திலும் விளக்குவது என் வேலை. கடைசியில் இரண்டு பக்கமும் என்னைத்தான் முறைக்கும்.

கிள்ளானில் ஒரு முதியோர் இல்லம். அங்கே ஓர் அக்கா இருக்கிறார். ஜெஞ்சாரோம் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பல காலம் பூச்சிமருந்தடித்து நுரையீரல் கெட்டுப்போனவர். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவருடைய ஆக்சிஜன் மெஷின் நிற்கும். அதன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டால் நாலு வார்த்தை பேசுவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். மெஷின் மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் மற்றவர்களுக்கு வேர்க்கும், அக்காவுக்கு உயிர் போகும்.

முன்பு இல்லத்தின் பின்புறம் கரண்ட் போனால் ஓட்ட ஒரு பழைய டீசல் ஜென்செட், ஜெனரேட்டர், இருந்தது. இருமும், புகை விடும், ஆனால் ஓடும். உதவி நிறுவனத்தின் முதல் நிபந்தனையே அதைத் தூக்க வேண்டும் என்பதுதான். சுத்தமான சக்திக்கு மாறுகிற இடத்தில் டீசல் இருக்கலாமா? "சரி, பாட்டரி எப்போது வரும்?" என்று கேட்டேன். முதல் கட்டத்தில் பலகைகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று பார்த்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் பாட்டரியாம். "அதுவரைக்கும் கரண்ட் போனால்?" என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்கள் இதுவரை குறித்துக்கொண்டதையெல்லாம் குவித்துக் கொளுத்தினால் கிள்ளானுக்கே விளக்குப் போடலாம்.

பாட்டரி இல்லாத சோலாருக்கு ஒரு குணம் உண்டு. வெளியே கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். வெளியே கம்பியைப் பழுதுபார்க்கிறவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. நியாயம்தான். இதை நான் விளக்கிய அன்று அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப மேல அவ்வளவு வெயில் காயும், கீழ எனக்கு மூச்சு இருக்காதா? இதுக்காகவாம்மா இருந்த ஜென்செட்டத் தூக்கிக் குடுத்தீங்க?"

அன்றிலிருந்து என் தலையைக் கண்டாலே அக்கா கேட்பது ஒன்றுதான்: "வந்துட்டியா? பாட்டரி எங்க?"

பாட்டரி வரவில்லை, பயிற்சிப் பட்டறைகள் வந்தன. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டல். மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி என்று காலையிலிருந்து பாடம் நடந்தது, ஏர்கோன் குளிரில் எல்லோருக்கும் பல் தந்தியடித்தது. இல்லத்தின் தலைவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், யாரோ போர்த்திவிட்ட பொன்னாடையை இழுத்து மூடிக்கொண்டு என் காதருகே குனிந்தார். "ஏம்மா, இந்த ஏர்கோன ஆஃப் பண்ணாலே நமக்கு ஒரு பாட்டரி வாங்கிடலாம் போலயே!" எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சரி, அவர்கள்தான் அப்படி. நம்மவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? சரஸ்வதி பூசை வந்தது. தலைவர் இல்லத்து வேனுக்கும், தையல் மெஷினுக்கும், மாவரைக்கும் மெஷினுக்கும் பொட்டு வைத்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்திருக்கிறார். கடல் கடந்து வந்த இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குப் பூசை இல்லாமலா? ஏணி போட்டு, பூசாரியையும் ஏற்றி, ஒவ்வொரு பலகைக்கும் கையகலத் திருநீற்றுப் பட்டை, நடுவில் கெட்டிச் சந்தனம், குங்குமம். வரிசைக்கு வரிசை தடித்த செவ்வந்தி மாலை. காற்றில் பறந்துவிடக் கூடாது என்று கம்பி வைத்து முறுக்கிக் கட்டியிருக்கிறார். எலுமிச்சம்பழம் நசுக்கச் சக்கரம் இல்லையே என்று வருத்தம் வேறு பட்டாராம்.

மழை திருநீற்றைக் கழுவியது. மாலைகள் அழுகிக் கறுத்து அங்கேயே கிடந்தன. சோலார் பலகையில் ஒரு ஓரம் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துபோகும். குளிர்தேசத்தில் உட்கார்ந்து கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மின்சாரம் படுத்துவிட்டது தெரிந்தது. செயல்திறன் போதவில்லை, இரண்டாம் கட்டம் மறுபரிசீலனையில் இருக்கிறது என்று எனக்கு எழுதினார்கள். நான் கிள்ளானுக்கு, தலைவரிடம் ஓடினேன்.

"என்ன அங்கிள் இது?"

"ஏன்மா, புது வண்டி வாங்கினா பொட்டு வைக்கிறோம்ல, வண்டி ஓடலையா?"

"வண்டி வெயில்லயா ஓடுது அங்கிள்? மாலையக் கழட்டுங்க முதல்ல."

"அது முடியாதும்மா. கூரையில சர்டிபிகேட் உள்ளவங்கதான் ஏறணும்னு நீதானே கையெழுத்து வாங்கின?"

ஐயோ கடவுளே! பூசாரி எந்தச் சர்டிபிகேட்டோடு ஏறினார் என்று நான் எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு கேட்பது? சர்டிபிகேட் உள்ள ஆள் ஸ்ரீ கெம்பாங்கான் என்ற ஊரில் இருந்தார். ஃபோன் செய்தால் "வரேன் லா, வரேன் லா" என்பார், ஆளைக் காணோம்.

அவரைத் துரத்திக்கொண்டு மறுபடி இல்லத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வானம் இருண்டு பேய்மழை கொட்டியது. ஒரு இடி இடித்தது. விளக்கும் விசிறியும் நின்றன, அக்காவின் மெஷின் ஒரு நீண்ட கூச்சல் போட்டுவிட்டு அடங்கியது. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, அது நெடுநேரம் தாங்காது. அந்த மழை நெரிசலில் ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாது. கரண்ட் இருக்கிற இடம் தேடலாம் என்று அக்காவையும் மெஷினையும் தூக்கி என் காரில் ஏற்றினோம். நான் கதவைச் சாத்தும்போது மழை விட்டு, கூரை முழுக்கப் பளீரென்று வெயில் அடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூரையைப் பார்த்துத் தமிழில் திட்டினேன்.

தெருமுனையில் ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. அங்கே மட்டும் விளக்கு எரிந்தது, காரை அங்கே நிறுத்தினேன். கடைக்காரப் பாய் என்னையும் பார்த்தார், அக்காவின் உதட்டையும் பார்த்தார். டிவியைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கில் மெஷினைச் சொருகினார். கடைக்குப் பின்னால் அவருடைய டீசல் ஜென்செட் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. அக்காவின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன். குளிர்தேசத்து அதிகாரி அம்மா, மாதக் கூட்டத்துக்கு என்னைக் காணோம் என்று வீடியோவில் அழைத்தார். முன்னேற்றம் என்ன என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கேமராவைத் திருப்பி அக்காவைக் காட்டினேன். "இதுதான் முன்னேற்றம். இவருக்குத்தான் பாட்டரி கேட்டேன்" என்றேன்.

அவர் மிக மெதுவாக, மனம் கலங்கிவிட்டது என்றார். அடுத்து, இதை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல உதவுமாம்.

நான் அக்காவிடம் கேட்டேன். "எடுத்துக்கட்டும் லா" என்றார் அக்கா. "பாட்டரி வரும்னா ரெண்டா எடுக்கச் சொல்லு." மழையில் நனைந்த தலைமுடியைக் கையால் ஒதுக்கி, குழாயைச் சரிசெய்துகொண்டு, அந்த ஃபோனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

படம் வந்தது. உதவி நிறுவனத்தின் வழவழப்பான ஆண்டுப் புத்தகத்தின் அட்டையில், பெரிதாக. சுத்தமான சக்தி தரும் சுவாசம் என்று ஆங்கிலத்தில் கீழே எழுதியிருந்தார்கள். தலைவர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். பாய் ஒருநாள் ரொட்டி கொடுக்க வந்தவர் நின்று பார்த்தார். "இது நம்ம கடை மேசைதானே? ஓடினது நம்ம டீசல்லதானே?" என்றார். மாலைகளை ஒருவழியாக இறக்கியாகிவிட்டது, பலகைகள் நன்றாக ஓடுகின்றன, இரண்டாம் கட்டம் இன்னும் மறுபரிசீலனையில்தான் இருக்கிறது.

போன வாரம் கிள்ளானுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அக்கா என்னிடம் பாட்டரி எங்கே என்று கேட்கவில்லை. ஜன்னல் வழியே மேகத்தையும் தெருமுனைப் பாய் கடையையும் பார்த்துக்கொண்டே, கட்டிலுக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.