கம்பவுண்டர் கொடுத்த கடலை

தராசுத் தட்டில் கம்பவுண்டர் இன்னும் மூன்று கடலை வைக்கிறார். முள் நூலளவு தாண்டிவிடுகிறது. ஒரு கடலையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். குனிந்து, கண்ணை முள்ளுக்கு நேராக வைத்து, மூச்சை அடக்கிப் பார்த்த பிறகுதான் சீசாவில் கொட்டுவார். "கடலைதானேங்க, ஒண்ணு கூடினா யாரு செத்துடப் போறா?" என்பார் மனைவி. அளவு என்றால் அளவுதான் என்பது இவர் பதில். அடுப்படியில் வெந்து வறுப்பது மனைவி, கலந்து நிறுத்துப் பேர் தட்டிக்கொண்டு போவது இவர். இந்த அநியாயத்தை அந்த அம்மாள் ஆண்டுக் கடைசியில் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்.

வேலை தெருமுனை மருந்துக்கடையில். மருந்து கலக்கிக் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதோடு சரி. ஆனால் கம்பவுண்டர் என்ற பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு மாத்திரை மாறிப்போனதில்லை என்பதை அவரே சொல்லிக்கொள்வார், கேட்காதவர்களிடமும்.

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தால் ஊரெல்லாம் ரிப்பன் கட்டிய பெட்டிகள் கைமாறும். இவர் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. வெறுங்கையோடு போய் நிற்கவும் மனம் வராது. ஆகவே நிலக்கடலை, பூசணி விதை, பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், உப்பு, எல்லாம் வறுத்துக் கலந்து வீட்டுக்கு ஒரு சீசா. முந்திரி விற்கும் கடைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. சீசாவுக்கும் செலவு கிடையாது, வருடம் முழுக்க வேட்டைதான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜாம் எவ்வளவு மிச்சம் என்று கண் தானாக அலமாரிக்குப் போய்விடும். மாடிவீட்டுத் தையல்காரம்மா இவர் தலை தெரிந்ததுமே மிச்ச ஜாமை வழித்துத் தட்டில் போட்டு, சீசாவைக் கழுவி நீட்டிவிடுவார்.

சீசாவின் மேல் சீட்டு ஒட்டியிருக்கும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்றைக்குச் செய்தது, தினம் எத்தனை கைப்பிடி, எல்லாம் மணிமணியான எழுத்தில். கடைசி வரி, 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இவர்மேல் உள்ள ஒரே கோபம் அந்த வரிதான்.

யாருக்கும் தெரியாத ஒன்றும் உண்டு. எந்த இரண்டு சீசாவும் ஒன்றுபோல் இருக்காது. யாருக்கு எங்கே வலி என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாதா? வயிற்றுப்புண்காரத் தபால்காரருக்கு மிளகாய் கிடையாது. பல் ஆடுகிற வாத்தியாருக்குக் கடலைக்குப் பதில் விதை. அவரவர் தங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்து மென்றுகொண்டிருப்பார்கள். கடையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதில் கம்பவுண்டர் கல்.

இந்த வருடம்தான் மாட்டிக்கொண்டார். மாட்டிவைத்தவன் மனைவியின் தம்பி, தச்சுவேலைக்காரன். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டினான். ரத்த அழுத்தம். அதுவும் லேசாக இல்லை. "அத்தான், வீட்டுல மூச்சு விட்டுடாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா என் தட்டுலயே கைய வெச்சிடுவா" என்றான். இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அவன் மனைவி சமையலில் உப்புக்குப் பஞ்சமே இருக்காது. மாதாமாதம் கம்பவுண்டர் மாத்திரையோடு திட்டும் கொடுப்பார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய், அந்தச் சாப்பாட்டை ஒரு பிடி பிடிப்பான். கல்யாணமான புதிதில் பள்ளிப் பையனாக இவர் மடியில் தூங்கியவன்.

அவனுக்கான சீசாவை இரண்டு நாளாக எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்புப் போடக் கை வரவில்லை. சீட்டில் மட்டும், வாக்குக் கெடக்கூடாதே என்று, மற்ற சீசாக்களில் எழுதியதுபோலவே 'உப்பு' என்று எழுதினார். சீட்டில் அவர் எழுதிய முதல் பொய் அது.

விடுமுறையன்று மத்தியானம் தம்பி வீட்டில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் தம்பி மனைவி ஆசையாகச் சீசாவைத் திறந்து நாலு கடலையை வாயில் போட்டாள். மென்றாள். "அண்ணா, என்ன இது, மருந்துக்குக்கூட உப்பு இல்லையே" என்றாள். கம்பவுண்டரின் மனைவியும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். வறுத்தது தான்தான் என்றாலும் உப்புக் கலப்பது கணவர் வேலை. "நீங்களா மறந்தீங்க?" என்று நம்பமுடியாமல் கேட்டார்.

"மறந்துட்டேன்" என்றார் கம்பவுண்டர். முப்பது வருடப் பெருமை ஒரு வார்த்தையில் போயிற்று. வீடே சிரித்தது. இனி இவர் கையால் காய்ச்சல் மாத்திரை வாங்குவதுகூட யோசித்துத்தான் என்று மனைவி எடுத்துக்கொடுக்க, இன்னும் சிரித்தார்கள். கம்பவுண்டருக்குக் காது சிவந்துவிட்டது. தம்பி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கென்ன, கலந்துவிட்டாப் போச்சு" என்று தம்பி மனைவி அடுக்களைக்குப் போய் ஒரு கை உப்போடு வந்தாள். மேஜை மேல் இருந்த சீசாவின் வாயைக் கம்பவுண்டர் உள்ளங்கையால் மூடினார்.

"கைய எடுங்கண்ணா."

"இருக்கட்டும்மா. அப்படியே இருக்கட்டும்."

விளையாடுகிறார் என்று நினைத்து அவள் உப்பைத் தூவினாள். அது அவர் புறங்கையில் விழுந்து சிதறியது. கை அசையவில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. மனைவி அந்தக் கையைப் பார்த்தார், கணவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

தம்பி நிமிர்ந்தான். "உப்பு வேணாம்" என்று தன் மனைவியிடம் சொன்னான். "எனக்கு பிரஷர் இருக்கு. ஆறு மாசமா மாத்திரை சாப்பிடறேன். வெளிய சொல்லக்கூடாதுன்னு நான்தான் அத்தான் வாயக் கட்டினேன்."

மிச்ச உப்போடு அவள் விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் கம்பவுண்டர் சீசாவின் மேலிருந்து கையை எடுத்தார்.